ரவி என்கிற நான்காவது ஆட்டக்காரன்

1

கோகிலாவுக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருடம். காலையில் காபிக்குப் பால் வைத்திருந்தபோது கோயமுத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"சரசு, இன்னிக்கு என்ன நாளு தெரியுமா? மறந்துபோட்டயா?"

"மறக்கலீங்கண்ணா."

"அவ ஊட்டுக்கு ஒரு போனைப் போட்டு ரெண்டு வார்த்த பேசிரு. மாப்பிள்ளையும் உங்கிட்டப் பேசோணும்னு சொல்லீட்டு இருந்தாரு. பாரு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுகூடத் தெரியவில்லை. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள் என்றால் பனி கொட்டியதையும் கறிவேப்பிலை கிடைக்காததையும்தான் ஊரில் இருக்கும் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். கறிவேப்பிலை இப்போது கிடைக்கிறது. அதை விடுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நியூ ஜெர்சிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர், இரண்டாயிரமாம் வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று ஊர் உலகமே பயப்படுகிறதே, அதைச் சரிசெய்கிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ஒரே மகள் அனு, பன்னிரண்டு வயது. எனக்கு ஒரே அண்ணன். பீளமேட்டுக்குப் பக்கத்தில் பம்புசெட்டுக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருக்கிறார். போத்தனூருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. அவருக்கும் ஒரே மகள், அவள்தான் கோகிலா. எனக்கு மட்டும் ஒரு மகன் பிறந்திருந்தால் முறைப்பெண் என்று உரிமையோடு அவளைக் கேட்டு இங்கே கூட்டி வந்திருப்பேன். பிறக்கவில்லை.

2

போன வருடம் ஜூன் மாதம் கோகிலா பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம் முடித்திருந்தாள். இன்னும் ஒரே வருடம்தான் பாக்கி. அதை முடித்துவிட்டு மேல்படிப்புக்கு இங்கே வருவது, எங்கள் வீட்டிலேயே தங்குவது என்று எனக்கும் அவளுக்கும் பேச்சு. அண்ணனும் ஒத்துக்கொண்டிருந்தார். "டிகிரிய முடிக்கட்டும். அதுக்கப்புறம் அவ சொல்றதக் கேக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்ன மனிதர். அந்த ஒரு வருடத்தை நம்பித்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள் என்றால் மிகையில்லை.

அனுவுக்கும் அவளுக்கும் பேச்சே ஓடாது. அனுவுக்குத் தமிழ் அரைகுறை, கோகிலாவுக்கு அமெரிக்க இங்கிலீஷ் புரியாது. அந்த இரண்டு பேரையும் ஒட்ட வைத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. படமே கிடையாது, வெறும் எழுத்து. நாலு வழிப்போக்கர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். நாலு பேரையும் நாலு ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள், எந்தத் தேசத்தில் இருந்தும். தினமும் கம்ப்யூட்டர் தானாகத் தாயம் உருட்டி ஒரு பக்கம் கதை எழுதிப்போடும். கீழே மூன்று வழி கொடுத்திருக்கும். காட்டுக்குள் போகலாம், கிழவனை நம்பலாம், திரும்பி ஓடலாம், இப்படி. நாலு பேரும் அன்றைக்குள் ஆளுக்கொரு வழிக்கு ஓட்டுப் போடவேண்டும். அதிக ஓட்டு விழுந்த வழியில் கதை போகும். சரிசமமாக விழுந்தால் மறுபடி தாயம்.

நியாயம் தர்மம் எதுவும் அதில் கிடையாது. ஒருநாள் இவர்கள் தாகத்தில் கிடந்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் பக்கத்தில் அவன் இவர்களுடைய குதிரையைத் திருடிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு நாள் சத்திரத்துக்காரியை ஏமாற்றினார்கள், கைநிறையப் பொன் கிடைத்தது. அனு குதிரைக்காக ஒருநாள் முழுக்க அழுதாள். கோகிலா எனக்கு மெயிலில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, "அத்தை, இதை எழுதுனவங்க நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிருப்பாங்க போலிருக்குதுங்க" என்று எழுதியிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

கல்லூரியில் இன்டர்நெட் லைன் கிடையாது. அதனால் காந்திபுரத்தில் பஸ் மாறுகிற இடத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் ஆடுவாள். அண்ணனுக்கும் அது தெரியும். "அமெரிக்காவுல இருக்கற அத்தை புள்ளையோட வெளையாடறா" என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேரில் ஒருத்தி அனு, ஒருத்தி கோகிலா, ஒருவர் கனடாவில் இருக்கும் ஒரு டீச்சர். நாலாவது ஆளின் பெயர் ரவி.

3

இனி எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம், நான் போன் செய்வேன். அண்ணன் வீட்டு ஹாலில் இருக்கும் போனில் ஸ்பீக்கர் உண்டு. அமெரிக்கா போன் வந்தால் அதை அமுக்கிவிட்டு, வந்திருக்கும் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்துவிடுவார். அனு உடைந்த தமிழில் "மாமா, சாப்ட்டீங்களா" என்று கேட்பதை ஹாலே கேட்டு ரசிக்கவேண்டும். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் கூத்து. தனியாகப் பேச ஒரு விஷயம் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாது.

அன்றைக்கு ஹாலில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கோகிலாவுக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது. படிப்பு முடியட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா வாய்ப்பேச்சாகப் பேசி வைக்க வந்தவர்கள். பையனின் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பாக்கள். இது எனக்கு அப்போது தெரியாது. போனை அனு கையில் கொடுத்துவிட்டு நான் தோசை வார்க்கப் போய்விட்டேன். எங்கள் பக்கமும் ஸ்பீக்கரில்தான் இருந்தது, அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"அனு கண்ணு, அக்காளோட வெளையாடறயா?"

"ஆமா மாமா. டெய்லி. நானு, கோகி அக்கா, ரவி, கனடா மிஸ்."

"ரவியா? அது யாரு கண்ணு?"

"ரவி எங்க டீம் மாமா. அக்காவுக்குத்தான் க்ளோஸ். அக்கா என்ன சொன்னாலும் ரவியும் அதேதான்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது, அதை அன்று நான் கவனிக்கவில்லை.

"தெனமும் வருவானா கண்ணு?"

"ஒருநாள்கூட மிஸ் இல்ல. அக்கா வர்ற வரைக்கும் வெயிட்டிங். அக்கா வந்தாத்தான் ஓட்டே."

"ஓஹோ. நேத்து என்ன பண்ணுனாங்க?"

"நேத்து அக்கா இந்த ஊர் வேண்டாம், ஓடிப்போயிடலாம்னு சொன்னாங்க. ரவியும் சரின்னு. நானும் மிஸ்ஸும் வேண்டாம்னு சொன்னோம். ஆனா மாமா, அவங்க ரெண்டு பேர்தான் வின்! ராத்திரி பாலத்துக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டாங்க."

விளையாட்டில் முந்தின நாள் விழுந்த பக்கம் அது. சரிசமமாக ஓட்டு விழுந்து, தாயம் ஓடிப்போகிற பக்கம் உருண்டிருக்கிறது. வேறு ஒரு நாள் கேட்டிருந்தால் குதிரைக்குப் புல் போட்டதைச் சொல்லியிருப்பாள். போனில் அண்ணன் வீட்டு ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண்குரல் "ஏனுங்க, நம்ம கெளம்பலாமுங்களா" என்று கேட்டது. லைன் கட்டாகிவிட்டது. சனியன் பிடித்த லைன் என்று திட்டிக்கொண்டே தோசையைத் திருப்பிப் போட்டேன்.

4

அடுத்த இரண்டு ஞாயிறும் போனை யாரும் எடுக்கவில்லை. கோகிலாவின் மெயில் நின்றுபோயிற்று. "அக்கா வரவே இல்லம்மா, எங்க கதை நாசமா போகுது" என்று அனு தினமும் நச்சரித்தாள். மூன்றாம் வருடம் தொடங்கியிருக்கும், படிக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யாதே என்று அவளைத்தான் அதட்டினேன்.

மூன்றாவது ஞாயிறு அண்ணனே கூப்பிட்டார். "ஆவணியில கோகிலாவுக்குக் கல்யாணம். பொள்ளாச்சிப் பக்கம். நல்ல எடம்."

"ஆவணியா? காலேஜ் என்னங்கண்ணா ஆகறது?"

"காலேஜ நிறுத்தியாச்சு. படிச்சது போதும்."

"என்னங்கண்ணா இது, இன்னும் ஒரு வருஷம்..."

"அந்த ரவி யாருன்னு கண்டுபுடிச்சுட்டோம் சரசு. அந்தக் கம்ப்யூட்டர் கடையில வேலை பாக்கற பையன். நம்ம தோப்புல தேங்கா உரிக்க வந்துட்டு இருந்தவனோட மகன். கையக் கால ஒடிச்சு அனுப்பியாச்சு. இனி அதப் பத்திப் பேச்சு வேண்டாம்."

கோகிலா இவ்வளவு தூரம் போயிருக்கிறாளா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்படித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். நேராக அனுவிடம் போனேன். "அந்த ரவி யாருடீ? உனக்கு எப்படிப் பழக்கம்? அவன் போட்டோ ஏதாவது பாத்திருக்கியா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என்னை, அறிவிருக்கிறதா என்பது போலப் பார்த்தாள். "அம்மா, ரவி ஆளே இல்ல. அது கம்ப்யூட்டர்."

பக்கத்தைத் திறந்து காட்டினாள். நாலு ஆள் சேரவில்லை என்றால் காலி இடத்தில் கம்ப்யூட்டரே ஒரு ஆட்டக்காரனை உண்டாக்கி உட்கார வைத்துவிடுமாம். சேர்ந்தவர்களின் பெயரைப் பார்த்து அதற்கேற்ற பெயராகத் தாயம் உருட்டி வைக்குமாம். அப்படி வந்த பெயர்தான் ரவி. பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சின்ன நட்சத்திரம். அதற்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. ஆட்டத்தில் யார் கெட்டிக்காரத்தனமாக வழி சொல்கிறார்களோ அவர்கள் ஓட்டுப் போடும்வரை காத்திருந்து, அதையே போடும். கோகிலா கெட்டிக்காரி. அதனால் அவள் பின்னாலேயே போயிருக்கிறது.

"இத ஏண்டீ அன்னைக்கே மாமாகிட்ட சொல்லல?"

"மாமா கேக்கவே இல்லையே" என்றாள். உண்மைதான். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில், "சரி அம்மிணி. நீ கல்யாணத்துக்கு வந்து சேரு. நேர்ல பேசிக்கலாம்" என்றார். குரலில் கோபமில்லை, சாந்தமாக இருந்தார். மனசு இளகிவிட்டது, நேரில் போய் இரண்டு வார்த்தை பேசினால் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவார் என்று நம்பினேன். நம்பி மோசம் போனேன்.

5

ஓடிப்போய் விமானத்தில் ஏறிவிட முடிந்ததா? இங்கே நிரந்தரமாகத் தங்க நாங்கள் போட்டிருந்த பச்சை அட்டை விண்ணப்பம் அப்போது பாதிக் கிணற்றில் நின்றது. அந்த நிலையில் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் செத்துவிடும். திரும்பி வர முன்கூட்டியே அனுமதித் தாள் வாங்கவேண்டும். "ஊருக்குப் போக அவசரம் என்ன, யாராவது சாகக் கிடக்கிறார்களா?" என்று வக்கீல் கேட்டார். இல்லை, கல்யாணம் என்றேன். "கல்யாணம் அவசரம் இல்லையே" என்று சிரித்தார். அந்த வெள்ளைக்கார மனிதனுக்கு இதை எந்த பாஷையில் விளங்க வைப்பது? என் வீட்டுக்காரர், "உன் அண்ணன் குடும்பத்து விஷயம். நீ போய் என்ன சாதிக்கப்போறே?" என்றார். அவரோடு நாலு நாள் பேசவில்லை.

அனுமதித் தாள் வந்து நான் கோயமுத்தூரில் இறங்கியபோது கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. அனுவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன். கோகிலாவைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. எப்போதும் அவளைச் சுற்றி நாலு பெண்கள். அண்ணனோ "இதா வாரேன்" என்று சொல்லிச் சொல்லிப் பந்தல்காரனிடமும் சமையல்காரனிடமும் போய்க்கொண்டிருந்தார்.

சரி, அந்தப் பையனையாவது பார்ப்போம் என்று புடவை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் காந்திபுரம் போனேன். பிரவுசிங் சென்டர் ஓனர் நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். வாங்க வாங்க என்று நாலு தடவை சொன்னார். பையனைப் பற்றிக் கேட்டதும் குரல் தணிந்துவிட்டது. "அவனை நிறுத்தியாச்சுங்க. இனி அவன் இந்தப் பக்கமே வரமாட்டானுங்க" என்று எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போத்தனூர் போனேன்.

பையன் பெயர் ஜெயராஜ். இருபத்தொன்று இருக்கும். வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை மாவுக்கட்டு. அவன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கம்மிணி, உக்காருங்க" என்று இருந்த ஒரே நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு விரட்டி ஒரு கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தண்ணீரே போதும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உறிஞ்சுகுழல் போட்ட அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க அண்ணன் உன்னை அடிச்சாரா தம்பி?"

"அவரு அடிக்கலீங்க. ஆளுங்க அடிச்சாங்க. பெரியவரு வண்டியில உக்காந்துட்டு இருந்தாரு" என்றான். "அவரு அன்னிக்குக் காலையில கடைக்கு வந்தப்ப ரொம்ப மரியாதையாப் பேசுனாருங்க. தம்பி உம்பேரென்னங்க, எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாருங்கன்னு கேட்டாரு. நானும் எல்லாஞ் சொன்னேன். அப்பா உங்க தோப்புக்குத்தானுங்க வேலைக்கு வந்துட்டு இருந்தாருன்னுகூடச் சொன்னேன்."

"கோகிலாவோட நீ பேசியிருக்கியா?"

"மொத தடவ வந்தப்ப எப்படித் தொறக்கறதுன்னு காட்டிக் குடுத்தனுங்க. அப்புறம் 'அண்ணா, மூணாம் நம்பர் காலியா'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதானுங்க." அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ரவிங்கறது யாருங்க? என்னைய அடிக்கறப்ப ரவி ரவின்னு சொல்லித்தானுங்க அடிச்சாங்க. எம்பேரு ஜெயராஜுங்கன்னேன். 'பேர மாத்தியாடா வெச்சிருக்கறே'ன்னு இன்னும் ரெண்டு குடுத்தாங்க."

சொன்னேன். நட்சத்திரத்தைச் சொன்னதும் அவனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. "அப்ப கம்ப்யூட்டருக்கு விழவேண்டிய அடிங்களா இது?" என்று சிரிக்க ஆரம்பித்தான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தமுடியாமல் சிரித்தான். அவன் அம்மா பயந்துபோய் "டேய், சும்மாரு, அம்மிணி என்ன நெனப்பாங்க" என்று அவன் வாயைப் பொத்தினாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

6

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் அலங்காரம் செய்கிற பெண் பூ வாங்கப் போன நேரத்தில்தான் கோகிலா எனக்குத் தனியாகக் கிடைத்தாள். கதவைத் தாழ் போட்டேன். பட்டுப் புடவையும் நகையுமாகக் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அனு சொல்லிட்டா. அது ஆளே இல்லைங்கறத உங்கப்பாவுக்குப் புரிய வைக்கறேன். இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போயிடல. இந்த நிமிஷமே போய்ப் பேசறேன்" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியுமுங்க அத்தை."

"நான் போன்ல சொன்னேன். ஆனா அவருக்கு..."

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியுமுங்க." அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "அந்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த நாளே அப்பாவக் காந்திபுரத்துக்குக் கூட்டீட்டுப் போனனுங்க. மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல தொறந்து, நட்சத்திரத்தக் காட்டி, எல்லாம் படிச்சு அர்த்தஞ் சொன்னேன். அவரையே ஓட்டுப் போடச் சொன்னேன். அப்பா ரெண்டாவது வழியப் போட்டாரு. சித்த நேரத்துல ரவியும் ரெண்டாவதே போட்டுச்சு. அப்பா வாய் விட்டுச் சிரிச்சுட்டாருங்க அத்தை. 'அட, நம்ம கணக்குப்புள்ள மாதிரியல்ல இருக்குது'ன்னாரு. நான் தப்பிச்சேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சு வெளிய வர்றப்ப வாசல்ல அந்தக் கடை அண்ணன் உக்காந்திருந்தாங்க. அப்பா நின்னு, பேரென்னங்க, எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாருங்கன்னு கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு 'நல்லா இருங்க தம்பி'ன்னு சொல்லிப்போட்டு வந்தாரு. அன்னிக்கு மத்தியானமே ஆளுங்க அவங்களத் தேடிப் போயிட்டாங்க."

நான் கதவைத் திறந்துகொண்டு அண்ணனைத் தேடிப் போனேன். பந்தியில் நின்று, சம்பந்தி வீட்டார் இலையில் ஜிலேபி வைக்கவில்லை என்று பரிமாறுகிற ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையற்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்கண்ணா? தெரிஞ்சுமா அந்தப் பையன் கைய ஒடிச்சீங்க?"

அவர் மறுக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். "மெதுவாப் பேசு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாலு பேரு நம்ம ஹால்ல உக்காந்து கேட்டுப்போட்டாங்க. பேச்சு வந்துருச்சு. அது ஆளே இல்லைங்க, கம்ப்யூட்டருங்கன்னு நான் போயிச் சொன்னா எவன் நம்புவான்? பொண்ணுக்குப் பரிஞ்சு கத கட்டறான்னு சிரிப்பாங்க. ஆளப் புடிச்சு ஒடிச்சு அனுப்பியாச்சுன்னு சொன்னேன். நம்புனாங்க. ஆவணியிலயே வெச்சுக்கலாம், காலேஜ மட்டும் நிறுத்திப்போடுங்கன்னாங்க. இல்லாட்டி இந்தப் பேச்சோட அவளை எவன் கட்டுவான்?"

"அந்தப் பையன் என்ன பாவம் பண்ணுனான்?"

"யாரோ ஒருத்தன் வேணுமல்ல. நம்ம ஆளுங்க பையனா இருந்திருந்தா அவனுக்கே கட்டிக் குடுன்னு பஞ்சாயத்து வெச்சிருப்பாங்க. இவன்னா யாரும் கேக்கமாட்டாங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமோ வெட்கமோ எதுவுமில்லை. வார்ப்பில் ஒரு துண்டு பழுதானால் எந்தத் துண்டை உருக்கிச் சேர்க்கலாம் என்று சொல்லுவாரே, அந்தக் குரல்.

வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன். நீ மனுஷனா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனை நீ என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் தோளில் கை வைத்தார்.

"சரசு, ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யி. அனுகிட்ட இதையெல்லாஞ் சொல்லிப்போடாத. தன் வாயாலதான் இப்படியாச்சுன்னு கொழந்தை மனசுல வெச்சுக்கும். பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார். அவர் கண் கலங்கியது. பிள்ளைமேல் அவருக்கு உண்மையாகவே பாசம். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மறுநாள் காலை முகூர்த்தத்தில் பெண்ணின் அத்தை நிற்கவேண்டிய இடத்தில் நின்றேன், செய்யவேண்டிய சீரைச் செய்தேன். கோகிலா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

7

இன்று மத்தியானம் அண்ணன் சொன்னபடி பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை பேசினார், மாமியார் பேசினார். கடைசியில் கோகிலா வந்தாள். "நல்லா இருக்கறனுங்க அத்தை" என்றாள். மேலே படிக்கிறாயா என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பக்கம் யார் யார் உட்கார்ந்து கேட்கிறார்களோ என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

ஜெயராஜின் கை கூடிவிட்டதாம், ஆனால் விரல் முன்போல மடங்குவதில்லையாம். அண்ணிதான் சொன்னாள். எங்கே வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அனு, நான் இங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். அப்படியே தோளில் மோவாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "அம்மா, இதுல என் பேர் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அனுவிடம் சொல்லாதே என்று அண்ணன் அன்று கேட்டதை மட்டும் நான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன். ஊரில் உள்ள நீங்கள் எல்லாரும் இதைப் படிக்கலாம். என் மகள் படிக்கமுடியாது. அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனி சொல்லிக் கொடுக்கப்போவதில்லை.